புகையிலை நாற்றும் இஞ்சிக் கிழங்கும்: மண்வழிப் பூசண நோய்களை இனங்காணும் முறை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த தனுவச்சபுரத்திலும் அதனைச் சூழ்ந்த எல்லையூர்களிலும் புகையிலை வயற்பயிராக விளைவதில்லை. ஆயினும் இவ்வட்டாரம் புகையிலைக்கு அயலானதன்று. பழைய திருவிதாங்கூரில் புகையிலை வாணிகம் நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரே பெருஞ்சந்தை. திவான் மாதவராவ் காலத்தில், 1860-களில், அத்தனியுரிமை நீக்கப்பட்டது. ஆக, இங்குள்ளோர் புகையிலையை வாங்கி அறிந்தவர்களேயன்றி விளைத்து அறிந்தவர்களல்லர். அவ்வாறிருக்க, புகையிலை நோய்களைப் பற்றி இங்குள்ள ஆசிரியரும் களப் பணியாளரும் ஏன் அறிதல் வேண்டும் என்னும் வினா எழலாம்.

அதற்கு விடை 1919-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பீகாரில் பூசா என்னுமிடத்தில் அந்நாளில் இயங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எல். எஸ். சுப்பிரமணியம் என்னும் அறிஞர், இஞ்சி, புகையிலை, பப்பாளி ஆகிய மூன்றையும் அழுகச் செய்வது பித்தியம் என்னும் ஒரே இனப் பூசணமே என்று ஆராய்ந்து வெளியிட்டார். பூசாவின் பூசணவியல் ஆராய்ச்சிக்கு அடிகோலிய பட்லர் என்பாரின் பெயரையே அப்பூசணத்திற்கு அவர் சூட்டினார். பிற்கால அறிஞர்கள் அதனைப் பித்தியம் அஃபானிடெர்மேட்டம் என்னும் இனத்துள் அடக்கினர். புகையிலை இல்லாவிடினும், இஞ்சியும் பப்பாளியும் இல்லாத விளை தனுவச்சபுரத்தில் அரிது. ஆகவே வேடசந்தூரில் புகையிலை நாற்றைச் சாய்க்கும் பகைவனும், இங்கே இடவப்பாதி மழையில் இஞ்சியைக் கூழாக்கும் பகைவனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றிற்கும் உதவும்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர், ஈரோடு, கோயம்புத்தூர் வட்டாரங்களிலும் வேதாரணியத்தை ஒட்டிய கடற்கரை மணற்பகுதியிலும் மெல்லும் புகையிலை பயிராகிறது. 1947-இல் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. அதனைச் சார்ந்த வேடசந்தூர் நிலையம் 1948-இல் அமைந்தது. புகையிலையின் தீமையை இன்று அறியாதார் இலர். எனினும் அதனை நம்பி வாழும் குடியானவனுக்கு நாற்று அழிந்தால் அவ்வாண்டின் பிழைப்பே அழிகிறது. அந்த அழிவு பெரும்பாலும் ஓர் இரவிலோ ஈரிரவிலோ நேர்ந்துவிடும் என்பதே இதிலுள்ள இடர்.

நாற்றங்காலில் காண்பன

புகையிலை விதை மிக நுண்ணியது. ஒரு கிராம் எடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும். இதனால் மணலோடு கலந்து தூவும்போதும் கை தவறி ஓரிடத்தில் அடர்ந்து விழுதல் இயல்பு. அடர்ந்த இடத்தில் காற்றோட்டம் இல்லை. காலை நெடுநேரம் ஈரம் காய்வதில்லை. நாற்றழுகல் நோய் அங்கேதான் முதலில் தோன்றும்.

இந்நோய் இரண்டு நிலைகளில் வரும். முளை மண்ணுக்கு மேல் வருமுன்னரே அழுகிவிடுவது முதல் நிலை. அப்போது பாத்தியில் வெற்றிடங்கள் காணப்படும். குடியானவர் விதையைக் குறை கூறுவர். முளைத்த நாற்று அடித்தண்டில் நீர் கோத்து, நூல்போல் சுருங்கி, இலை பசுமையாயிருக்கும்போதே சாய்ந்து விழுவது இரண்டாம் நிலை. விழுந்த நாற்றுகளைச் சுற்றி நோய் வட்டமாகப் பரவும். பனி நீங்காத விடியற்காலையில் சென்று பார்ப்பவர், விழுந்த நாற்றுகளின்மேல் பஞ்சு பிரித்தாற்போன்ற வெண்மையான இழைகளைக் காணலாம். வெயில் ஏறியபின் அவ்விழைகள் படிந்து மறையும். பகல் பதினொரு மணிக்கு நாற்றங்காலைப் பார்வையிட்டுத் திரும்பும் பணியாளர் இந்நோயின் தலையாய அடையாளத்தைக் காணாமலேயே திரும்புகிறார் என்பது கவனிக்கற்பாலது.

நாற்று விழுவதெல்லாம் அழுகல் நோயன்று. வெட்டுப்புழு இரவில் வந்து நாற்றை அடியோடு துண்டிக்கும். துண்டான இடம் கத்தரித்தாற்போல் இருக்கும், நீர்க்கோப்பு இராது. அருகில் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். விதையை எறும்பு இழுத்துச் சென்றதனால் உண்டாகும் வெற்றிடத்தில் அழுகிய முளை ஒன்றும் இராது. வெயிலில் வாடிய நாற்று மாலையில் நீர் தெளித்தால் நிமிரும். பூசணம் பற்றிய நாற்று நிமிராது. நாற்றை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தலே சிறந்த சோதனை. வேரின் மேற்பட்டை உறைபோல் கழன்று, நடுநரம்பு மட்டும் நூலாகக் கையில் வருமாயின் அது பித்தியம் எனப் பெரும்பாலும் துணியலாம்.

பித்தியம் இவ்வளவு விரைந்து பரவுவதற்குக் காரணம் அதன் வித்துகளுக்கு நீந்தும் ஆற்றல் உண்மையே. ஒவ்வொரு வித்துக்கும் இரண்டு கசையிழைகள் உண்டு. மண் துகள்களுக்கிடையே நிற்கும் நீர்ப்படலத்தில் அவை நீந்திச் சென்று, வேரிலிருந்து கசியும் பொருள்களை நாடி அதனை அடையும். நீர் வற்றினால் தடித்த சுவருடைய வேறு வகை வித்துகளாக மண்ணில் நெடுங்காலம் உறங்கும். இக்காரணத்தால் மேட்டுப்பாத்தி என்பது வெறும் வழக்கமன்று; 15 சென்டிமீட்டர் உயரமும் சுற்றிலும் வடிகாலும் உடைய பாத்தியில் நீந்துவதற்கு நீரில்லை. விதைக்குமுன் பாத்தியின்மேல் சருகும் உமியும் பரப்பி எரிக்கும் பழைய முறையும் பொருளற்றதன்று. மேல்மண் சூடேறி அங்குள்ள வித்துகள் அழிகின்றன. எரிக்க விரும்பாதார், கோடையில் நனைத்த பாத்தியை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்து வெயிலின் வெப்பத்தையே அப்பணிக்குக் கொள்ளலாம். தனுவச்சபுரம் போன்ற மழைவளம் மிக்க இடங்களில் இதற்குரிய காலம் மாசியும் பங்குனியுமே. மேடத்தில் கோடைமழை தொடங்கிவிட்டால் பயன் குறையும்.

பெயரில் ஒரு சிக்கல்

இங்கே ஓர் உண்மையை விளக்குதல் இன்றியமையாதது. பித்தியமும் அதன் உறவாகிய ஃபைட்டாஃப்தோராவும் நெடுங்காலம் பூசணங்களாகவே எண்ணப்பட்டன. நாமும் வழக்கங் கருதி அவ்வாறே கூறுகிறோம். ஆயினும் அவற்றின் செல்சுவர் பெரும்பாலும் செல்லுலோசால் ஆனது. உண்மைப் பூசணங்களின் சுவரோ கைட்டின் என்னும் பொருளால் ஆனது. மரபியல் ஆராய்ச்சியும் இவை பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவினர் என்று காட்டிவிட்டது.

இது பாடநூல் விவகாரம் எனத் தள்ளத்தக்கதன்று. குடியானவனின் பணப்பையைத் தொடுவது. கடைகளில் மிகுதியாக விற்கும் கார்பெண்டாசிம் உண்மைப் பூசணங்கள் பலவற்றை அடக்கும். பித்தியத்தையும் ஃபைட்டாஃப்தோராவையும் அது அடக்குவதில்லை. அவற்றோடு மண்ணில் போட்டியிடும் பிற பூசணங்கள் இம்மருந்தால் அழிவதனால் சில வேளைகளில் நாற்றழுகல் மிகுவதும் உண்டு. மெட்டலாக்சில் இதற்கு நேர்மாறானது. அது பித்தியத்தின்மேல் வேலை செய்யும். ரைசாக்டோனியாவையும் ஸ்கிளரோஷியத்தையும் தொடாது. அதனையும் தனியே பலமுறை ஊற்றினால் எதிர்ப்பாற்றல் கொண்ட வகைகள் தோன்றிவிடும். மாங்கோசெப்புடன் கலந்தே வழங்குவதன் காரணம் இதுதான். எனவே நோயின் பெயரை அறியாது மருந்தின் பெயரைச் சொல்லும் பணியாளர், நன்மை செய்ய எண்ணித் தீமை செய்தவராகக்கூடும்.

எவ்வகையிலும் பெருந்தவறு நேராதது போர்டோக் கலவை. 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்து, மொத்தம் 100 லிட்டராகச் சேர்ப்பது ஒரு விழுக்காட்டுக் கலவை. இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். படியாதவரை சுண்ணாம்பு நீர் சேர்த்தல் வேண்டும். அன்று செய்ததை அன்றே பயன்படுத்துக.

நட்ட வயலில் கருந்தண்டு நோய்

1896-ஆம் ஆண்டில் பிரெடா த ஹான் என்னும் டச்சு அறிஞர், சுமத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலை நாற்றுகளை அழித்த நோயை ஆராய்ந்து, அதன் காரணியாகிய ஃபைட்டாஃப்தோரா நிக்கோஷியானேயை விவரித்தார். அந்த டெலித் தோட்டங்களில் கூலிகளாகச் சென்று உழைத்தோருள் தமிழரும் இருந்தனர் என்பது நினைவுகூரத்தக்கது. உருளைக்கிழங்கை அழுகச் செய்து 1845 முதல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்தியதும் இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றோர் இனமே.

வயலில் நட்ட புகையிலையில் இந்நோய் தண்டின் அடியில் கருமையாகத் தொடங்கி மேலேறும். இலைகள் கீழிருந்து மேலாக மஞ்சளித்துத் தொங்கும். வேர்களில் ஒன்றோ பலவோ கருத்திருக்கும். மழைத்துளி தெறித்து அடியிலைகளில் பெரிய வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. செடியைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், உள்ளிருக்கும் சோறு உலர்ந்து பழுத்து, நாணயங்களை அடுக்கினாற்போலத் தட்டுத் தட்டாகப் பிரிந்து நிற்கும். இவ்வடையாளம் பெரிதும் நம்பத்தக்கது. ஆயினும் முற்றிலும் அன்று: இடி விழுந்த வயலிலும் தண்டின் சோறு இவ்வாறே தட்டுகளாகப் பிரிவதுண்டு. இடியால் கெட்ட செடிகள் ஒரே நாளில் ஒரு வட்டமாகக் கெடும், பின் பரவா, வேரும் கருத்திராது. இடிமழைக்குப்பின் அழைப்பு வந்தால், எந்த நாளில் முதலில் கண்டீர்கள் என்பதைக் குடியானவரிடம் முதலில் கேட்டறிக.

நோய் எந்த வழியில் செல்கிறது என்பதும் சான்றாகும். நீந்தும் வித்துகளையுடைய நோயாதலால் அது பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தொடங்கி, நீர் பாயும் திசையில் பரவும். வயலின் வரைபடம் ஒன்றைத் தாளில் கீறி, நோயுற்ற செடிகளைப் புள்ளியிட்டு, நீர்ப் போக்கை அம்புக்குறியால் காட்டினால், மருந்துக்கடைக்குப் போகுமுன்னரே பாதி விடை கிடைத்துவிடும். பள்ளி மாணவர்களைக் கொண்டு செய்விக்கத்தக்க எளிய பணி இது.

கருந்தண்டோடு குழம்பத்தக்கவை இரண்டு. இரண்டும் பாக்டீரியாவால் வருபவை. தலை கிள்ளியபின் அக்காயத்தின் வழியே நுழைந்து தண்டைக் குடைவது ஒன்று. அதில் சோறு உலர்ந்து தட்டாவதில்லை, கூழாகி நாறும். மற்றொன்று பாக்டீரியா வாடல். ஒரு பக்கத்து இலைகள் மட்டும் முதலில் வாடும். இதனை இனங்காணக் கண்ணாடிக் குவளை ஒன்றே போதும். அடித்தண்டில் ஒரு துண்டை நறுக்கி, தெளிந்த நீரில் நறுக்கிய முனை படுமாறு அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற மெல்லிய இழைகள் நீரில் இறங்கும். பூசண நோயில் இவ்வாறு இறங்குவதில்லை. எந்தப் பூசணக்கொல்லியும் பாக்டீரியா வாடலைத் தீர்க்காது என்பதால், இக்குவளைச் சோதனையைச் செய்யாமல் வாடல் நோய்க்கு மருந்து எழுதிக்கொடுத்தல் ஆகாது.

ரைசாக்டோனியா சொலானி தாக்கிய செடியில் மண்மட்டத்தில் குழிந்த பழுப்புப் புண் காணப்படும். அவ்விடம் உலர்ந்து நொய்ந்து, காற்றடித்தால் செடி முறியும். ஸ்கிளரோஷியம் ரால்ஃப்சி அடித்தண்டில் விசிறிபோல் வெண்ணிழை பரப்பும். அதன்மேல் முதலில் வெள்ளையாகவும் பின் பழுப்பாகவும் கடுகு போன்ற உருண்டைகள் தோன்றும். கடுகு கண்டால் ஐயமில்லை. ஃபியுசேரியம் வாடலில் பட்டையைச் சீவினால் அடியிலுள்ள மரப்பகுதி பழுப்புக் கோடாகத் தெரியும், சோறு கெட்டிராது.

வேர்களில் முண்டும் முடிச்சுமாக வீக்கம் காணப்பட்டால் அது பூசணமன்று, நூற்புழு. ஆனால் நூற்புழு துளைத்த வேரில் கருந்தண்டு நோய் எளிதில் நுழையுமாதலால், இரண்டும் சேர்ந்தே காணப்படுதல் வியப்பன்று.

தமிழ்நாட்டுக் குடியானவர் "புகையிலைக் காளான்" என்று கூறும் ஒன்றும் உண்டு. இச்சொல்லைக் கேட்டவுடன் பூசணமருந்தைத் தேடிய பணியாளர் ஏமாறுவார். செடியின் அடியில் மண்ணைப் பிளந்து, பசுமையில்லாத வெளிறிய தண்டும் நீலச்சாயல் பூவுமாக எழும் இது, ஓரோபாங்கி என்னும் பூக்கும் ஒட்டுண்ணிச் செடி. புகையிலையின் வேரில் தன் வேரைப் பொருத்தி உணவை உறிஞ்சுவது. தூசியினும் நுண்ணிய இதன் விதைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். பூப்பதற்குமுன் பிடுங்கி, வரப்பில் எறியாமல், எரித்துவிடுதல் வேண்டும். கத்தரியிலும் தக்காளியிலும் கூட இது தோன்றும்.

எல்லையூர் விளைகளில்

இனித் தனுவச்சபுரத்துக்கு வருவோம். இஞ்சியில் மென்னழுகல் பற்றியபோது கீழிலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து, தண்டின் அடி நீர்கோத்து, இழுத்தவுடன் தண்டு கிழங்கைவிட்டுக் கையோடு வரும். கிழங்கு கூழாகி நாறும். பாக்டீரியா வாடலிலோ இலைகள் சுருண்டு தொங்கி, செடி முழுவதும் விரைவில் வாடும். கிழங்கை நறுக்கி அழுத்தினால் பால் கசியும். மேற்கூறிய குவளைச் சோதனை இங்கும் அப்படியே பொருந்தும். நல்லமிளகுக் கொடியில் இடவப்பாதி மழையின்போது அடியிலைகளில் கரும்புள்ளிகள் தோன்றி, விரைவில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி பட்டுப்போவது ஃபைட்டாஃப்தோரா காப்சிசியின் வேலை. ரஸ்தாளி வாழையில், வெளியிலைகள் மஞ்சளித்து ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கி, அடித்தண்டு பிளந்தால், அது ஃபியுசேரியத்தால் வரும் பனாமா வாடல். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். பூவன் வாழை இதற்கு எளிதில் மடிவதில்லை. ரஸ்தாளி பட்ட குழியில் மீண்டும் ரஸ்தாளிக் கன்றையே நடுவது, அறிந்தே இழப்பை விலைக்கு வாங்குவதாகும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் அமைந்தன. அதனால் இரு புறத்தும் வேளாண்மைத் துறைகள் வேறு, நோய்ப் பெயர்கள் வேறு, துண்டறிக்கையின் மொழியும் வேறு. எல்லை கடந்து செல்லும் இஞ்சி விதைக்கிழங்குக்கும் வாழைக்கன்றுக்கும் இவ்வேறுபாடு தெரியாது. அவற்றோடு ஒட்டிய மண்ணும் உடன் செல்கிறது. ஆதலின் அயற்பக்கத்திலிருந்து வாங்கிய கிழங்கா, எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்வது இவ்வூர்ப் பணியாளருக்குப் பிற இடங்களினும் மிகுதியாகத் தேவை.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

இரண்டு மண் தொட்டிகளை எடுத்துக்கொள்க. நாற்று அழுகிய பாத்தியின் மண்ணை இரு பங்காக்கி, ஒரு பங்கை நனைத்துத் துணியில் முடிந்து இட்டலிக் கொப்பரையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுக. மற்றதை அப்படியே வைக்க. இரண்டிலும் தக்காளி விதையை ஒரே எண்ணிக்கையில் விதைத்து, ஒரே அளவு நீர் தாராளமாக விட்டு, நிழலில் வைக்கவேண்டும். மூன்றாவது தொட்டி ஒன்றில் வெந்த மண்ணோடு ஒரு சிட்டிகை வேகாத மண்ணைக் கலந்து விதைத்தால் பாடம் நிறைவுறும்: அந்தச் சிட்டிகையிலிருந்தே நோய் கிளம்புவதை மாணவர் கண்ணால் காண்பர். நாள்தோறும் நின்ற நாற்று, விழுந்த நாற்று இவற்றை எண்ணிப் பலகையில் எழுதச் செய்க.

வெள்ளரிக்காய்ச் சோதனை இதனினும் விரைவானது. நன்கு கழுவிய காயில் சுத்தமான கத்தியால் சிறு குழி செய்து, ஐயத்திற்குரிய இஞ்சித் தண்டின் ஒரு துணுக்கை அதில் செருகி, ஈரப் பஞ்சுடன் பாலித்தீன் உறையில் இட்டு வைக்க. ஒன்றும் செருகாமல் குழி மட்டும் செய்த காய் ஒன்றையும் ஒப்பிடுவதற்காக உடன் வைக்கவேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். பித்தியம் இருக்குமாயின் இரண்டு மூன்று நாட்களில் செருகிய இடம் நீர்கோத்து, அதன்மேல் பஞ்சுபோன்ற இழை எழும். ஒப்பீட்டுக் காயும் அழுகினால் சோதனை தவறிவிட்டது. மீண்டும் செய்தல் வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்திற்கு மாதிரி அனுப்பும்போது, முற்றும் செத்த செடியை அனுப்புதல் பயனற்றது. அதில் பிற்பாடு குடியேறிய பூசணங்களே மிகுந்திருக்கும். நோய் தொடங்கிய செடி இரண்டும், அருகிலுள்ள நலமான செடி ஒன்றும், வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் தோண்டி எடுக்கவேண்டும். பிடுங்கினால் நோயுற்ற வேரெல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேர்ப்பகுதியை மட்டும் பாலித்தீன் உறையிலும், இலைப்பகுதியைத் தாளிலும் சுற்றுக. நீர் தெளிக்க வேண்டா. உறைமேல் ஊர், நாள், பயிர் வகை, நட்ட நாள், முதற் குறி கண்ட நாள், கடைசியாகப் பெய்த மழை, இதுவரை இட்ட மருந்து ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்தில் கலையும். வெயில் படாமல், கூடுமானவரை அன்றே அனுப்பிவிடவேண்டும்.